பல்லேகமவுக்குப் பயறு வாங்கப் போனேன்

அழகு பார்ப்பதற்காக நான் எந்த ஊருக்கும் போவதில்லை. வேலை இருந்தால் போவேன், முடிந்ததும் அடுத்த ரயிலில் திரும்புவேன். போன பங்குனியில் மாத்தளைப் பக்கம் போனதும் அப்படித்தான். உக்குவளையிலிருந்து மாமனார் தந்தி அடித்திருந்தார். "உடனே வரவும்." அவ்வளவுதான். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவியும், பிறந்து மூன்று வாரமான மகளும் அந்த வீட்டில் இருக்கும்போது இப்படி ஒரு தந்தி வந்தால் எவனுக்குத் தூக்கம் வரும்?

எங்கள் சாப்பாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பயணமே விளங்காது. நான் குளிரூட்டி இயந்திரங்கள் பழுதுபார்ப்பவன். படிப்பு முடிந்ததும் முதலில் அனுப்பப்பட்டது ஒரு பால் சேகரிக்கும் நிலையத்துக்கு. இயந்திரத்துக்குப் பின்னால்தான் மாட்டுக்கொட்டில். அங்கே கன்றுகளைத் தாயிடமிருந்து பிரிப்பதைத் தினமும் பார்த்தேன், தாய்மாடு கத்துவதைத் தினமும் கேட்டேன். மீன், இறைச்சி, முட்டை என் வீட்டில் முன்பே இல்லை. அதன்பின் பால், தயிர், நெய்யும் போயிற்று. இதில் தத்துவம் ஒன்றும் இல்லை, வேண்டாம் என்று தோன்றியது, விட்டேன். கல்யாணமானபோது புவனா சிரித்தாள். "அப்ப டீக்கு என்னத்த ஊத்துவீங்க, மழைத்தண்ணியா?" என்றாள். ஆறு மாதத்தில் அவளும் விட்டுவிட்டாள். விட்ட பிறகு என்னைவிட உறுதியாக நின்றாள்.

கொழும்புக் கோட்டையிலிருந்து விடியற்கால ரயில். கண்டி வரைக்கும் எழுபத்தைந்து மைல், அங்கே மாறி மாத்தளைப் பாதையில் இன்னும் பதினைந்து மைல்போல. மூன்றாம் வகுப்பில் இடம் பிடிக்க வேண்டுமென்றால் வண்டி மேடைக்கு வரும் முன்பே நின்றுகொண்டிருக்க வேண்டும். உறவினர் வீட்டுக்கு என்று அரிசி மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். இந்தப் பஞ்சகாலத்தில் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தால் இறக்கிவிடுவார்கள். எனக்கு எதிரே இருந்த மனிதர் தலையணை உறைக்குள் அரிசி வைத்துத் தைத்து, அதில் தலை சாய்த்துத் தூங்குவதுபோல வந்தார். அந்தக் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது, யாரும் அப்படித் தூங்க முடியாது.

உக்குவளையில் இறங்கியபோது மதியம் கடந்துவிட்டது. ஸ்டேஷனிலிருந்து வீடு பத்து நிமிட நடை. மாமனார் கொக்கோ ஸ்டோர் ஒன்றில் மேற்பார்வை வேலை செய்பவர், அதிகம் பேசாதவர். வாசல் படலையிலேயே நின்றிருந்தார்.

"புள்ளைக்கு ஒன்னுமில்ல, பயப்படாதீங்க" என்றார். "புவனாதான் சாப்புடுறா இல்ல. அவ அம்மா கையால தண்ணி கூட வாங்க மாட்டேங்குறா. ரெண்டு பேரும் பேசி அஞ்சு நாளாச்சு. நடுவுல நான் தபால்காரன் மாதிரி நிக்கிறேன்."

உள்ளே போனேன். புவனா மெலிந்திருந்தாள். மகள் அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டு, தாய்க்குப் பால் குறைகிறது, நன்றாகச் சாப்பிடவேண்டும் என்று சொல்லிப் போனாராம். புவனா சாப்பிட்டது தானே துருவிய தேங்காயும், வெறும் சோறும், உப்பும்.

"என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"அம்மா கீரையில மீன் போட்டாங்க. வாயில வச்சதுமே தெரிஞ்சிருச்சு. போட்டீங்களான்னு கேட்டேன். போடலன்னாங்க. சத்தியமான்னு கேட்டேன்." அவள் குரல் இறங்கியது. "பாப்பா தலையில கை வச்சு சத்தியம் பண்ணாங்க. பச்சப்புள்ள தலையில. பொய்ச் சத்தியம்."

எனக்குப் பொறுமை குறைவு. அதுவும் பிள்ளை அழும்போது சுத்தமாக இல்லை. "சரி, ஒரு மாதத்துக்கு மருந்து என்று நினைத்து மீனும் முட்டையும் சாப்பிடேன். பிறகு விடலாம்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கன்னுக்குட்டி கதைய சொன்னது நீங்கதானே? அப்ப நீங்க சொன்னதுக்காகத்தான் விட்டேன். இப்ப எனக்கே பால் ஊறுது. அது யாருக்கு ஊறுதுன்னு இப்பத்தான் நல்லா தெரியுது. இனி நீங்களே சொன்னாலும் முடியாது."

சமையலறைக்குப் போனேன். மாமி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"வாங்க மாப்புள. உங்க சட்டம்தான் இந்த வீட்ல நடக்குது. பிள்ள பெத்தவளுக்கு பால்சுறா ஆக்கிப் போடாத ஊரு உண்டா? சுறா வேணாம்னீங்க, விட்டேன். முட்ட வேணாம், விட்டேன். நான் மீன் போடல. எத்தன தரம் சொல்றது? என் பேத்தி தலையில அடிச்சு சொல்லிட்டேன். அதுக்கு மேல என்ன இருக்கு?"

இருவரில் ஒருவர் பொய் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இருவர் முகத்திலும் பொய் இல்லை. இயந்திரமாக இருந்தால் கழற்றிப் பார்க்கலாம். நான் அதற்கு மேல் ஆராயாமல் ஒரு முடிவுக்கு வந்தேன். பால் ஊறப் பருப்போ பயறோ எள்ளோ வாங்குவது, மறுநாள் விட்டு அடுத்த நாள் புவனாவையும் பிள்ளையையும் கொழும்புக்குக் கூட்டிப்போவது. சொன்னேன். முப்பது நாள் கழியாமல் பிள்ளை பெற்றவள் படி தாண்டுவதா என்று மாமி கேட்கக்கூட இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றார். புவனா மட்டும், "போனா இந்த வீட்டுக்குத் திரும்ப வரமாட்டேன்" என்றாள். மாமனார் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கண்டி வீதியில் கரீம் நானாவின் கடை. பருப்பு கேட்டேன்.

"பருப்பா? என்ன தம்பி, பகல்ல கனவா? கப்பல்ல வாற சாமான் ஒன்டும் இல்ல. பருப்ப கண்ணால காணணும்டா படத்துலதான் பாக்கணும்."

"பயறு?"

"அது நம்ம நாட்டுச் சாமான். பல்லேகமவுல ஈக்கி. நாளைக்கு விடிய சுபஹு தொழுதிட்டு நான் லொறி எடுக்கிறன். முன்னுக்கு ஏறிக்கோங்க. ஆனா ஏத்தத்துல இறங்கித் தள்ளணும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. உக்குவளையிலிருந்து பல்லேகம நாற்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவு, போக ஐந்து மணித்தியாலம் எடுத்தது. மாத்தளை தாண்டி ரத்தோட்டை வரைக்கும் நல்ல பாதை, இரு பக்கமும் மிளகுக்கொடி. அதற்குப் பிறகு வளைவு வளைவாக ஏற்றம். ரிவர்ஸ்டன் மலைமுடுக்கில் காற்று லொறியின் கதவைத் திறக்க விடாது, திறந்தால் மூட விடாது. மேலே ஏறுமுன் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. நானா போத்தல் போத்தலாகத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். விசிறிப் பட்டி தளர்ந்திருந்ததுதான் காரணம். இறுக்கிக் கொடுத்தேன். "ஒரு வருஷமா தண்ணி சுமக்கிறன்" என்றார், சந்தோஷமா வருத்தமா தெரியவில்லை. அந்தப் பக்கம் இறங்கியதும் மூடுபனி நின்று, வெயிலும் வறண்ட காடும், காடு வெட்டிச் செய்யும் சேனைப்பயிரும் தொடங்கின. கம்பளிச்சட்டையைக் கழற்றிக்கொண்டே இறங்குவீர்கள்.

பல்லேகமவில் நானா வழக்கமாகப் பயறு எடுக்கும் சிங்களக் குடும்பம் ஒன்று. பயறும் எள்ளும் நல்ல சாமான். பேரம் முடிந்ததும் வீட்டுக்கார அம்மா சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார். நானா என் பத்தியத்தை ஒன்றுவிடாமல் சிங்களத்தில் ஒப்புவித்தார். மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. அந்த அம்மா கன்னத்தில் கைவைத்து, "ஐயோ பாவம், என்ன நோய்?" என்று கேட்டார். பிறகு, கவலைப்படாதே, எல்லாம் மரக்கறிதான் என்றார். சோறு, பூசணிக்காய், பலாக்காய்க் கறி, தேங்காய் போட்டு வதக்கிய முருங்கைக்கீரை. பசி. இரண்டாவது பிடி கீரையில் பல்லில் ஏதோ கல் மாதிரி கடிபட்டது. எடுத்துப் பார்த்தேன். மாசி. சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டையாகக் காயவைத்த சாமான். இடித்துப் போடுவார்கள்.

"இது மீன்" என்றேன். எனக்கு நாசூக்கு வராது.

"மீனா?" அந்த அம்மா உண்மையாகவே திகைத்தார். "மீன் போடவில்லையே. அது உம்பலகட." மாசிக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர்.

"உம்பலகட மீனில்தானே செய்வது?"

"மீன் சட்டியில் ஆக்குவது. இது மிளகாய், சீரகத்தோடு இருப்பது" என்று சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். உண்மைதான். மிளகாய் டப்பாவுக்கும் சீரகத்துக்கும் நடுவில் ஒரு சிறிய மாசித் துண்டு இருந்தது. நானாவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். "சரிதானே தம்பி. மாசி மாசிதான். மீனுண்டு யாரு சொல்லுவா?"

அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. இப்போது மாசி கப்பலில் வருவதில்லை. கிடைக்கும் கொஞ்சமும் தங்கம் மாதிரி. இருந்த துண்டில் பாதியை, கண்டிராத விருந்தாளிக்காக இடித்துப் போட்டிருக்கிறார். நான் பூசணிக்காயை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய?

திரும்பும் வழியில் நானா ஏதேதோ பேசினார். எனக்குக் காதில் விழவில்லை. மாமியின் சத்தியம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றாமலே புவனாவிடம் கேட்டேன். "கீரையில் இருந்தது மாசியா?"

"ஆமா. மாசி மீன் இல்லாம மரத்துலயா காய்க்குது?"

"கல்யாணத்துக்கு முந்தி, வெள்ளிக்கிழமை மரக்கறி ஆக்கும்போது உன் அம்மா மாசி போடுவாரா?"

"கோயிலுக்குப் போற வெள்ளி போடமாட்டாங்க" என்றாள். பிறகு மெதுவாக, "மத்த வெள்ளி... பருப்புல போடுவாங்க" என்றாள். "போடுவாங்க. நாங்களும் மரக்கறின்னு சொல்லித்தான் சாப்புட்டோம்."

பல்லேகமவில் நடந்ததைச் சொன்னேன். அவள் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு எழுந்து சமையலறை வாசலுக்குப் போனாள். ஐந்து நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"அம்மா. மாசி எதுல செய்றாங்க?"

மாமி அம்மியில் இருந்து தலையைத் தூக்கினார். "எதுல செய்வாங்க? சூரை..." அதோடு நின்றது. கை மஞ்சளோடு அப்படியே இருந்தது. "மீன்தான்" என்றார். "ஆனா அத மீனுன்னு ஒரு நாளும் நெனச்சதில்லடி. சுறாவத்தான் வேணாம்னுட்டியே, வெறுங்கீரையில சத்து என்ன இருக்குன்னு, கரீம் நானாகிட்ட கெஞ்சி ஒரு துண்டு வாங்கி..." திடீரென்று எழுந்தார். அவர் முகம் நான் பார்த்தே இராத முகமாகிவிட்டது. "அப்ப நான் புள்ள தலையில அடிச்சது? ஐயையோ, மாப்புள, பாப்பாவ இங்க கொண்டாங்க. நான் என்ன பண்ணிட்டேன்!"

மாமனார் எங்கிருந்தோ ஓடிவந்தார். மாமி பிள்ளையைத் தொடவும் பயந்து, தொடாமலிருக்கவும் முடியாமல் கையை நீட்டியபடி நின்றார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். தெரியாமல் செய்த சத்தியம் பொய்யாகாது என்று தர்க்கம் பேசியிருப்பேன். புவனா என்னைப் பேசவிடவில்லை. பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, பசிக்குது. உங்க கையால சோறு போடுங்க."

மாமி கையைக் கழுவினார், மறுபடி கழுவினார், மூன்றாம் முறையும் கழுவினார். பயறு அவித்து, மல்லி மிளகு சீரகம் பூண்டு அரைத்து ஊற்றி, இறக்கும்போது நல்லெண்ணெய் விட்டார். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக்கொண்டு என்னைக் கேட்டார். மஞ்சள் கிழங்குதானே? ஆம். பெருங்காயம்? செடிப் பால். "பாலா?" செடியினுடையது மாமி, போடுங்கள். கடைசியில் உப்புச் சிரட்டையோடு நின்றார். "இது கடல்ல எடுக்குறதாச்சே?"

மாமனார் சிரித்துவிட்டார். புவனாவும் சிரித்தாள். மாமி சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தார். போடலாம் என்று நான் சொன்ன பிறகுதான் போட்டார். புவனா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். இரண்டொரு நாளில் பால் கூடியது. மகள் அழுவது குறைந்து, அழாமல் என்னை முறைக்கத் தொடங்கினாள். கொழும்புக்கு நான் மட்டும் திரும்பினேன். முப்பது கழிந்து, அதற்குப் பிறகும் பத்து நாள் இருந்துவிட்டுத்தான் வருவேன் என்று புவனா சொல்லிவிட்டாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் பஸ் தாராளம், அதற்கு அப்பால் பஸ்ஸை நம்பாதீர்கள், சரக்கு லொறிக்காரர்களைக் கேளுங்கள். மழை தொடங்கினால் ரிவர்ஸ்டன் பக்கம் போகவேண்டாம். கம்பளிச்சட்டையும் குடிதண்ணீரும் கட்டாயம். பயறு, எள், குரக்கன் என்ற கேழ்வரகு எல்லாம் பல்லேகமவிலும் வில்கமுவப் பக்கமும் விளைகிறது, அறுவடை முடிந்த கையோடு போனால் நல்ல சாமான் கிடைக்கும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் இந்த மாவட்டத்தில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பலாவும் தேங்காயும் கீரையும் இல்லாத வீடு கிடையாது. கேட்டால் மனம் நிறைந்து ஆக்கித் தருவார்கள். மீன் போடவில்லை என்று சத்தியம் செய்தால் அப்படியே நம்புங்கள், பொய் சொல்ல மாட்டார்கள். நம்பிவிட்டு, மாசி போட்டீர்களா என்று தனியாக ஒரு தரம் கேளுங்கள்.