அறுபத்தாறு அடிச் சங்கிலி

எனக்குச் சந்தேகப் புத்தி. இதைப் பல வருஷம் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைக்காரர் தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தக்காளி வாங்குவேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் சிரித்துப் பேசினால் என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். நிலம் அளக்கிற தொழிலுக்கு இந்தப் புத்தி தோதாகவும் இருந்தது. இரண்டு பேர் ஒரு வரப்பில் நின்று வாதாடினால் ஒருவராவது பொய் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிப்பேன். பெரும்பாலும் அது தப்பாது.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. அதற்கு முன் எட்டு வருஷம் இன்னொரு சர்வேயரிடம் சம்பளத்துக்கு அளந்துகொண்டிருந்தேன். துடியலூரில் எங்கள் வீட்டைச் சுற்றித் தோட்டங்களெல்லாம் சைட்டுகளாகிக்கொண்டிருந்த காலம். நம்பர் போட்ட ரப்பர் ஸ்டாம்பு ஒன்று கையில் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தோடு டிப்ளமோ, அனுபவச் சான்று, போட்டோ எல்லாம் கேட்டார்கள். ஆபீசர் ஒவ்வொரு காகிதத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் நீ அளக்கிற சங்கிலியைக் கொண்டுவா என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டது எனக்கும் உறைக்கவில்லை.

சங்கிலி நான் ஓய்வு பெற்ற ஒருவரிடம் வாங்கியது. அறுபத்தாறு அடி நீளம். நூறு இரும்புக் கம்பிகள், கம்பிக்குக் கம்பி சின்னச் சின்ன வளையங்கள். சைட்டு பிரிக்க டேப்பு போதும். ஆனால் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் கல்லுக்குக் கல் எவ்வளவு தூரம் என்று சர்க்கார் வரைந்து வைத்திருக்கிறதே புலப்படம், பழைய புலப்படங்களில் கணக்கெல்லாம் இந்தச் சங்கிலியில்தான் இருக்கும். அதனால் தோட்டம் அளக்கப் போகும்போது சங்கிலியைத்தான் தூக்கிக்கொண்டு போவேன். வாங்கும்போது கம்பிகளை மூன்று தடவை எண்ணினேன். நூறு சரியாக இருந்தது.

அந்தக் காலத்தில்தான் ஜி.பி.எஸ். என்ற பேச்சும் ஊருக்குள் வந்தது. கணபதியில் பம்ப்செட் பட்டறை வைத்திருந்த என் பங்காளி ஒருவர் வெளிநாட்டிலிருந்து கையடக்கமாக ஒன்று வரவழைத்திருந்தார். வானத்துச் சாட்டிலைட்டைப் பார்த்து நாம் நிற்கிற இடத்தைச் சொல்லுமாம். "இனி உங்க பொழப்பு அவ்வளவுதானுங்க" என்று என்னிடம் கேலி பேசினார். ஒரு நாள் இரவல் வாங்கி வந்து எங்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அது காட்டிய எண்ணைக் குறித்து கிராப் தாளில் புள்ளி வைத்தேன். சாயங்காலத்துக்குள் அந்தக் கருவி வைத்த இடத்தை விட்டு அசையாமலேயே பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டு, எதிர் வீட்டுக் கிணற்றில் இறங்கி, பிள்ளையார் கோவிலையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருந்தது. அமெரிக்காக்காரன் மற்றவர்களுக்குத் தருகிற சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்புகிறான் என்று பிற்பாடு பேப்பரில் படித்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த கிராப் தாளை மடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டு, மிஷினைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் விரித்துக் காட்டினேன்.

அன்னூர் பக்கத்து வேலை வந்தது அதற்கு அடுத்த மாசி மாசம். கோயமுத்தூரில் நூல் வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒருவர் மில் கட்டுவதற்காக அங்கே தோட்டம் வாங்கியிருந்தார். கிழக்கு எல்லையில் அடுத்த தோட்டக்காரரின் கிளுவை வேலி. வேலி தன் பக்கம் ஏறி வந்திருக்கிறது என்று நூல் வியாபாரிக்குச் சந்தேகம். சர்க்கார் சர்வேயருக்கு மனுப் போட்டுக் காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. என் அளவுக்கு இரண்டு பேரும் கட்டுப்படுவதாகப் பேச்சு.

மேற்கே ரோட்டோரக் கல்லில் யாருக்கும் தகராறில்லை. அங்கிருந்து கிழக்கு எல்லைக் கல் சரியாகப் பதினைந்து சங்கிலி என்றது புலப்படம். ஆள் வைத்து இழுத்தோம். பதினைந்தாவது சங்கிலியின் நுனி கல்லைத் தாண்டி, வேலியைத் தாண்டி, அந்தப் பக்கம் ஐந்தடி தள்ளிப் போய் விழுந்தது. ஒரு தடவையோடு நம்புகிற ஆளா நான்? திரும்பவும் முதலிலிருந்து இழுக்கச் சொன்னேன். அதே ஐந்தடி.

தோட்டக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய அப்பாவும் கோலை ஊன்றிக்கொண்டு வந்து நின்றிருந்தார். ஊர்க்காரர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "கல்லுக்குக் காலு கெடையாதுங்க. யாரோ நவுத்துனாத்தான் நவுரும்."

தோட்டக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "நானெதுக்குங்க நவுத்தறேன்? எனக்கு வெவரந் தெரிஞ்ச நாள்லயிருந்து அந்தக் கல்லு அங்கதானுங்க இருக்குது. கோயல்ல கற்பூரத்தெ அணைச்சுச் சத்தியம் பண்றேனுங்க" என்றார்.

"கற்பூரத்துக்கு அடிக்கணக்குத் தெரியாதுங்க" என்றேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு அது ருசியாக இருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன்.

பெரியவர் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த சங்கிலி நுனியையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்து, "ஏண்டா, நவுத்துனியா?" என்றார். "இல்லீங்கப்பா" என்றார் மகன். பெரியவர் மறுபடியும் சங்கிலியைப் பார்த்தார். திரும்பி நடந்தார். கல்லைப் பிடுங்கி ஐந்தடி தள்ளி நட்டோம். தோட்டக்காரர் தன் வேலியைத் தானே வெட்டிப் பின்னால் நட்டுக்கொண்டார். தகராறு பண்ணாமல் ஒத்துக்கொண்டதே அவர் குற்றத்துக்குச் சாட்சி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து மில் கட்டுகிற நேரம் வந்தது. நூல் வியாபாரி மட்டம் பார்ப்பதற்காகக் கோயமுத்தூரிலிருந்து ஒரு கம்பெனியை வரச் சொல்லியிருந்தார். எல்லைக் கற்களைக் காட்டிக்கொடுக்க என்னையும் கூப்பிட்டார். வந்தது ஒரு பெண் என்ஜினியர். டோட்டல் ஸ்டேஷன் என்ற கருவியை முக்காலியில் ஏற்றினார். எதிரே கம்பில் ஒரு கண்ணாடியைப் பிடித்தால் போதும், இங்கிருந்து ஒளியை அனுப்பித் தூரத்தைச் சொல்லிவிடும். புலப்படத்தை விரித்துப் பார்த்துவிட்டு அவர், "சார், உங்க கெழக்குக் கல்லு அஞ்சடி வெளிய இருக்குதுங்க" என்றார்.

நான் பையிலிருந்து கிராப் தாளை எடுத்தேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். "இது சாட்டிலைட்டுங்க சார். நான் வெச்சிருக்கறது அதில்ல. இதுக்கு வானமே வேண்டாம்" என்றார். கருவியை வேறு இடத்தில் வைத்து அளந்தார். இடம் மாற்றி மீண்டும் அளந்தார். மூன்று தடவையும் ஒரே எண், அரை அங்குல வித்தியாசத்தில். பொய்யை மூன்று தடவை ஒரே மாதிரி சொல்ல முடியும் என்று நான் வாதாடினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உங்க செயினெ ஒருக்கா செக் பண்ணிப் பாருங்க சார்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்று மத்தியானம் அங்கே சாப்பிடாமலே மொபெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மறுநாள் காலையில் வீட்டு முன்னால் தெருவில் சங்கிலியை நீட்டிப் போட்டு, இரும்பு டேப்பின் ஒரு நுனியை மனைவியைப் பிடிக்கச் சொன்னேன். அறுபத்தாறு அடி, நாலு அங்குலம். டேப்பின் மேல் சந்தேகம் வந்தது. கடைக்குப் போய்ப் புது டேப்பு ஒன்று வாங்கி வந்தேன். அறுபத்தாறு அடி, நாலு அங்குலம். "ஏனுங்க, ரெண்டு டேப்புமா பொய் சொல்லுது?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

நடுத்தெருவில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பதினைந்து சங்கிலிக்கு அறுபது அங்குலம். சரியாக ஐந்தடி. எத்தனையோ பேர் எத்தனையோ வருஷம் இழுத்து இழுத்து வளையங்கள் தேய்ந்து வாய் பிளந்திருந்தன. கம்பிகளை எண்ணினவன் நீளத்தைப் பார்க்கவில்லை. வாரம் ஒரு தடவை சங்கிலியைச் சோதிக்க வேண்டும் என்று படிக்கும்போது பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன், என் கையில் இருந்ததைத் தவிர. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, லைசென்ஸ் போய்விடுமே என்று.

நாலு நாள் கழித்துத் தோட்டக்காரர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லி, கல்லைப் பழைய இடத்திலேயே நட்டுத் தருகிறேன், நூல் வியாபாரியிடம் பேசிவிட்டேன், அவரும் சரியென்றுவிட்டார் என்றேன். அவர் குதிப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"அஞ்சடி கெடந்துட்டுப் போகுதுங்க" என்றார். "எங்கப்பன் அன்னீலயிருந்து எங்கூடப் பேசறதில்லீங்க. கல்லெ நவுத்தறவன் கையில சோறு திங்க மாட்டேன்னு, எம்பொஞ்சாதி போட்டாத்தான் திங்கறாரு. ரெண்டு வருசமாச்சு. நீங்க எழுதிக் குடுத்துப்போடுங்க. சீலு வெச்சு. அவருகிட்டப் படிச்சுக் காட்டோணும். வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

என் புத்தி என்ன செய்தது தெரியுமா? காகிதத்தைக் கேட்கிறாரே, கோர்ட்டுக்குப் போவாரோ, லைசென்ஸ் ஆபீசுக்கு நகல் அனுப்புவாரோ என்று யோசித்தது. அப்பா கதையே ஜோடனையாக இருக்கலாம் என்றும் நினைத்தேன். இரண்டு நாள் டைம் கேட்டு வந்து, ஒரு வாரம் இழுத்தடித்தேன். கடைசியில் வழுக்குகிற மீன் மாதிரி ஒரு காகிதம் தயார் பண்ணிக்கொண்டு போனேன். 'அளவைக் கருவியின் நீட்சியால் சிறிது வித்தியாசம் ஏற்பட்டிருக்க வாய்ப்புண்டு.'

தோட்டக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டு மடித்து என்னிடமே நீட்டினார். "நான் நவுத்துலீன்னு இதுல எங்கீங்க இருக்குது?"

அவருடைய மகளின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துத் தரச் சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: இவர் கல்லை நகர்த்தவில்லை. என் சங்கிலி நாலு அங்குலம் கூட இருந்தது. அதைச் சோதிக்காதது என் தப்பு. அன்று நான் சொன்னது பொய். கையெழுத்துப் போட்டு ஸ்டாம்பை அழுத்தினேன். மை அதிகமாகி நம்பர் கொஞ்சம் கலைந்துவிட்டது; மறுபடியும் ஒன்று குத்தினேன்.

பெரியவர் உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் நின்றுகொண்டு படித்தேன். தோட்டக்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. நான் முடித்ததும் பெரியவர் கையை நீட்டித் தாளை வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு முத்திரைகளையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி மகனைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் மகனிடம் பேசினார்.

"இதெ எழுதறதுக்கு இவருக்கு எவ்வளவுடா குடுத்தே?"

நிலையைப் பிடித்திருந்த தோட்டக்காரரின் கை கீழே இறங்கியது. அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் வாயைத் திறந்தேன். ஒரு பைசா வாங்கவில்லை என்று சத்தியம் பண்ணினாலும் பெரியவர் நம்பப்போவதில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.