ஒற்றைக் கோட்டில் அம்மா

எங்கள் அம்மாவை ஒரு வெள்ளைக்காரி படம் வரைந்தாள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்தப் படம் இப்போது கையில் இருந்து எடுத்துக் காட்டினால் சுத்தமாகவே நம்பமாட்டார்கள்.

அப்போது எனக்கு ஏழெட்டு வயது. இலங்கையில், யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அம்மா பால் வெட்டுகிறவள். விடிந்ததும் மரம் மரமாக வெட்டுப் போட்டு, வெயில் ஏறுவதற்குள் சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, மலை இறங்கி ஸ்டோருக்குச் சுமப்பாள். ஊரில், முசிறிப் பக்கம், அவளுக்கு ஓர் அக்கா. எனக்குப் பெரியம்மா. அம்மா கப்பலேறி வந்து பன்னிரண்டு வருசமாக ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியாரைக் கொண்டு எழுதுகிற கடுதாசியில், தான் சுகமாக இருப்பதாக அம்மா தவறாமல் எழுதச் சொல்வாள். பெரியம்மாவோ ஒவ்வொரு பதிலிலும், உன் முகமே மறந்துபோகிறது, ஒரு படம் பிடித்து அனுப்பு என்று கேட்பாள். படம் பிடிக்கிற இடம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துத் துரையின் தங்கச்சி சீமையிலிருந்து வந்து இறங்கினாள். கையில் பெரிய தாள் கட்டுடன் தோட்டம் முழுக்கச் சுற்றினாள். ஒரு நாள் அம்மாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாளாம். துரை பங்களாவில் சமைக்கிற அப்பு, கூலி வீடுகள் வரிசையாக நிற்கிற எங்கள் லயத்துக்கே வந்து அம்மாவிடம் சொன்னார்: "தங்கச்சி, தொரையோட தங்கச்சி ஒன்னய படம் போடணுமாம். தாள ஒனக்கே குடுத்துருவாங்களாம். ஞாயித்துக்கெழம வந்துரு."

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டினாள். மூக்குத்தியைப் புளி போட்டு விளக்கினாள். "பல்லக் காட்டாம நில்லு, ஒங்க அக்கா பயந்துரும்" என்று அப்பா கேலி செய்தார். நானும் கூடவே போனேன்.

வெள்ளைக்காரி வெகுநேரம் அம்மாவை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. பிறகு பேனாவை மையில் தொட்டுத் தாளின் உச்சியில் வைத்து, கையை எடுக்காமல் ஒரே இழுப்பாக இழுத்தாள். கோடு கொஞ்சம் சாய்ந்து, நடுவில் வளைந்து, அடியில் போய் நின்றது. அவ்வளவுதான். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அம்மா தாளை வாங்கி, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். படம் அங்கே இருக்கும் என்று நினைத்தாள் போல.

"இதுதான் நீயாம். மத்ததெல்லாம் வேணாமாம்" என்றார் அப்பு. அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

லயத்தில் தாள் கைக்குக் கை மாறியது. கங்காணி அதை வெளிச்சத்தில் பிடித்து ஆராய்ந்தார். "வெட்டு ரொம்பச் சாஞ்சு போச்சு. நடுவுல பட்டையத் தாண்டி எறங்கியிருக்கு. மரம் தாங்காது" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பால் வெட்டுகிறவர்களிடம் சாய்ந்த கோடு ஒன்றைக் காட்டினால் வேறென்ன சொல்வார்கள்? அம்மாவின் வெட்டைக் குறைசொல்லித்தான் வெள்ளைக்காரி வரைந்து கொடுத்திருக்கிறாள், இனி வேலைக்கே ஆபத்து என்று அப்பா பயந்துபோனார். அம்மா கல்யாணச் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மறுநாள் அவள் மலைக்குப் போனதும் அடுப்புக்கரியை எடுத்தேன். கோட்டின் உச்சியில் இரண்டு கண், மூக்கு, மூக்குத்தி, தலை நிறையப் பூ எல்லாம் போட்டேன். ஒரு கண் மட்டும் பெரிதாகிவிட்டது. அடி விழும் என்று கதவோரம் ஒதுங்கி நின்றேன். அம்மா திரும்பி வந்து தாளை நெடுநேரம் பார்த்தாள். "கண்ணாவது இருக்கே" என்றாள். அதையே மடித்துக் கடுதாசிக்குள் வைத்து அனுப்பிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. வாத்தியார் எங்கள் வாசலில் நின்று வாசித்தார். பெரியம்மா பேசப் பேச யாரோ அப்படியே எழுதியிருந்தார்கள்.

"தங்கச்சி, தாளு பூரா ஒரே கரி. முந்தானையால தொடச்சேன். எல்லாம் போயி ஒரு கோடு மட்டும் நின்னுச்சு. பாத்ததும் நீதான்னு தெரிஞ்சிருச்சு. ஒன் எடது தோளு ஏன்டி இப்பிடி எறங்கிப் போச்சு? அங்க என்னத்தடி சொமக்குற?"

அம்மா இடது தோளைக் கையால் பொத்திக்கொண்டு, வாத்தியார் நிற்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் விம்மி விம்மி அழுதாள். எனக்கு ஒரே குழப்பம், கொஞ்சம் கோபமும்கூட. நான் பாடுபட்டுப் போட்ட கண்ணும் மூக்கும் அழிந்துபோனதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அழாதம்மா" என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். "அடுத்த தடவ மையிலயே போட்டுத் தாறேன்."