காதர் பாய் கேட்ட ரயில்

காதர் பாய் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு விண்ணப்பத்தின் மூன்றாவது நகலை டைப் செய்துகொண்டிருந்தேன். பக்கத்து டீக்கடைக்காரர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"மிஷினை நிப்பாட்டு தாயி. பாய் மவுத்தாயிட்டாராம். விடியக்காலம் தொழுதுட்டுப் படுத்தவரு எந்திரிக்கலையாம்."

நான் நிறுத்தவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அன்று சாயங்காலம் ரயில். தாளை முடித்து, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிவிட்டுத்தான் எழுந்தேன். அதற்காக இப்போது வருத்தமும் இல்லை. அவரும் அப்படித்தான் செய்திருப்பார். அவர் வீட்டில் அவருடைய மனைவியின் பக்கத்தில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன்.

அவரைத் தெரிந்தவர்கள் செல்லூரிலும் ஆனையூரிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு அவர் 'மேப் பாய்'. சவுதியின் கிழக்கு மாகாணத்தில் பத்து வருடத்துக்கு மேல் தண்ணீர் லாரி ஓட்டி, இடுப்பு போய்த் திரும்பியவர். மதுரை யானைக்கல் பக்கம் நாங்கள் இருந்த டைப்பிங் கடையில் உறைகளுக்கு அரபியில் முகவரி எழுதும் வேலை அவருடையது. என் மேசைக்கும் அவர் மேசைக்கும் நடுவில் சுவரில் அந்த மேப் படம் தொங்கியது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவரே வரைந்தது. வலது ஓரம் முழுக்க நீலப் பென்சிலில் கடல். கடலை ஒட்டி மேலிருந்து கீழாக ஜுபைல், ராஸ் தனூரா, கத்தீஃப், தம்மாம், கோபார். கொஞ்சம் உள்ளே தள்ளி, எண்ணெய் ஆலையின் நெருப்பு எரியும் அப்கைக். அதற்கும் கீழே பேரீச்சந்தோப்புகளும் ஊற்றுகளுமாக ஹுஃபூஃப். மேலே கடலை விட்டு விலகிப் போகும் ஒரு கோட்டில் நுஐரியா; அதையும் தாண்டி, தாளின் மூலையில் ஹஃபர் அல் பாத்தின். தூரங்களை மைலில் போடாமல், காலைச் சாப்பாட்டையும் மதியத் தொழுகையையும் வைத்து, 'ஒரு நாஷ்டா தூரம்', 'லுஹருக்குள் போகலாம்' என்று பொடி எழுத்தில் குறித்திருந்தார்.

ஆனையூரிலிருந்து ஒருவர் விசாத் தாளோடு வந்தது நினைவிருக்கிறது. காட்டை அடமானம் வைத்துவிட்டுக் கிளம்பியவர்.

"சவுதி போறேன் பாய்."

"சவுதில எங்க?"

"சவுதிலதான்."

"அதான் எங்கன்னு கேக்குறேன்."

"அட, போயி எறங்குனாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

"எறங்குனா மணல்தான் தெரியும் மாப்ள. மருதைக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கம்பத்துல எறங்கி நின்னா ஒன் பொண்டாட்டி எங்கய்யா தேடுவா?"

அதுதான் அவருடைய கவலை. அங்கே தெருப் பெயரும் கதவு எண்ணும் எழுதிக் கடிதம் போட முடியாது. கம்பெனியின் தபால் பெட்டி எண்தான் எல்லோருக்கும் முகவரி. ஆள் எந்த ஊரில் இருக்கிறான் என்பது வீட்டுக்குத் தெரியவே தெரியாது. பெண்கள் கடிதங்களைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைப்பார்கள். வெந்நீர் ஊற்றில் குளித்தேன் என்று எழுதியிருந்தால், "ஹுஃபூஃப். நம்ம அழகர்மலைல தண்ணி ஊறுற மாதிரி அங்க வெந்நி ஊறும்" என்பார். ராத்திரியிலும் வானம் சிவப்பு என்றிருந்தால் அப்கைக். படத்தில் விரலை வைத்துக் காட்டுவார். அவர்கள் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். "ஊரு எதுன்னு தெரிஞ்சிட்டா ஒரு வாய் சோறு உள்ள எறங்கும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

செல்லூர் பேச்சியம்மாள் ஒரு கேசட்டோடு வந்தாள். விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த கணவன் எலக்ட்ரீஷியனுக்கு உதவியாளாகப் போனவன். அவள் பேசி அனுப்பிய கேசட்டிலேயே அவன் பதிலைப் பேசித் திருப்பி அனுப்பியிருந்தான். புதுக் கேசட்டுக்கு வழியில்லாத எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அவன் சொன்னது இவ்வளவுதான்: வேலையை மாற்றிவிட்டார்கள், இடமும் மாறிவிட்டது, விலாசம் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், பிள்ளையைப் பார்த்துக்கொள். ஐந்து நிமிடம்கூட இல்லை. அதன்பின் கடிதமே வரவில்லை. கம்பெனிக்குப் போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. உறையில் தம்மாம் முத்திரை இருந்தது. ஆனால் அந்த மாகாணத்துத் தபால் எதுவும் தம்மாம் வழியாகத்தான் வரும் என்றார் பாய்.

கேசட்டை எங்கள் கடையில் போட்டுக் கேட்டோம். அவன் பேச்சு முடிந்தபிறகும் நாடா ஓடிக்கொண்டிருந்தது. பாய் கையை உயர்த்தினார். நாடாவுக்குள்ளே, தூரத்தில் ஒரு ரயில் போயிற்று.

"ஹுஃபூஃப்" என்றார். டேப்பை நிறுத்தினார். முகம் மலர்ந்துவிட்டது. "அந்தப் பக்கம் ரயிலு ஒரே பாதைலதான் ஓடும். தம்மாம்ல கெளம்பி அப்கைக், ஹுஃபூஃப் வழியா ரியாத் போயிரும். கம்பெனி ஆளுக இப்ப ஹுஃபூஃப்லதான் குமிஞ்சு கெடக்காங்க. கண்டுபிடிச்சிரலாம் தாயி."

படத்தில் ஹுஃபூஃபின்மேல் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். பழைய லாரிக் கூட்டாளிகளுக்கு எழுதினார். அவர்கள் முகாம் முகாமாக விசாரித்தார்கள். ஏழு மாதம். பேச்சியம்மாள் வாரம் ஒருமுறை வருவாள், படத்தைப் பார்ப்பாள், போவாள். எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்கவே அலுப்பாகிவிட்டது. தலையைக் குனிந்து டைப் செய்துகொண்டே இருப்பேன்.

தூதரகத்துக்கு அனுப்பும் மனுவில் அவளிடம் கையெழுத்து வாங்க நான் ஒருநாள் செல்லூருக்குப் போனேன். சந்து முழுக்கத் தறிச் சத்தம். கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று மின்சாரம் போனது. தறிகள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. அந்த அமைதியில், தூரத்தில் ஒரு ரயில் போயிற்று.

நான் மனுவைக் கீழே வைத்தேன்.

"நீ கேசட்ல பேசுனியே, அது எப்ப?"

"இப்பிடிக் கரண்டு போன நேரம்தான்க்கா. பேட்டரி போட்டுப் பேசுனேன். தறி ஓடுனா நம்ம பேச்சு எங்க கேக்கும்?"

"பேசி முடிச்சதும் நிறுத்துனியா?"

"நிறுத்தலையே. நாலு வார்த்தை பேசுனதும் அழுகை வந்திருச்சு. ஒலை வேற கொதிச்சுச்சு. ஓடிட்டேன்."

அவள் பேச்சின்மேல் அவன் பேசியிருக்கிறான். அவன் நிறுத்திய இடத்துக்குப் பிறகு ஓடியது அவளுடைய வீடு. நாங்கள் ஹுஃபூஃபில் தேடிக்கொண்டிருந்தது செல்லூர் ரயிலை.

மறுநாள் பாயிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "அந்தப் புள்ளைட்ட நான்தான் சொல்லணும்" என்றார். குனிந்து செருப்பு மாட்ட முடியாத இடுப்போடு டவுன் பஸ் ஏறிச் செல்லூருக்கு வந்தார். நானும் போனேன்.

"ஒன் ஏழு மாசத்தை நான் தின்னுட்டேன் தாயி. தப்பு என் காதுமேல."

பேச்சியம்மாள் அவருக்கு முக்காலியை எடுத்துப் போட்டாள். "நீங்களாச்சும் தேடுனீகல்ல பாய். கூப்பிட்டுப் போன ஏஜெண்டு கதவையே தொறக்கல. ஒக்காருங்க, காப்பி போடுறேன்."

கடைக்குத் திரும்பியதும் அவன் பேசிய அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் மறுபடி மறுபடி கேட்டார். காற்று மைக்கில் மோதுகிற சத்தம். மோட்டார் இல்லை, ஏசி இல்லை, பள்ளிவாசல் பாங்கு இல்லை. அப்புறம், மிக மெல்லியதாக ஒரு கத்தல்.

"ஆடு" என்றார். "ஒண்ணு ரெண்டு இல்ல, மந்தை. மொதல்லயே கேட்டேன். ரயிலு வந்ததும் ஆட்டை விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "எலக்ட்ரீசியன் வேலைன்னு கூட்டிட்டுப் போயி ஆடு மேய்க்க விட்டிருக்கான் தாயி. நுஐரியா பக்கமா இருக்கும். ஆட்டுச் சந்தை அங்கதான்" என்றார். நுஐரியாவில் ஆட்டு லாரிகள் நிற்கும் இடத்தில் பாலக்காட்டுக்காரர் ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். அவருக்கு எழுதினார். தபாலில் போட்ட பிறகு படத்தில் நுஐரியாவின்மேல் பென்சிலை வைத்தார். குறி போடாமல் எடுத்துவிட்டார். "பதில் வரட்டும்" என்றார்.

அவர் அடங்கிய பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. அவர் பெயருக்கு வந்த உறையை நான் பிரித்தேன். ஆள் உயிரோடு இருக்கிறான். தண்ணீர் லாரியில் சந்தைக்கு வருகிறான். பாஸ்போர்ட் முதலாளியிடம். மெலிந்திருக்கிறான், மனைவி பெயரைச் சொன்னதும் அழுதான்.

பேச்சியம்மாளிடம் வாசித்தேன். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் அவள் முதலில் கேட்டது, "பாய்க்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது."

"அவுக வீட்ல போயிச் சொல்லிட்டு வந்துருவோம்" என்று எழுந்தாள்.

அவன் இன்னும் திரும்பவில்லை. மனுக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. பாயின் பழைய உறைகளைப் பார்த்து, கோலத்தைப் போட்டுப் பழகுவதுபோல, அரபி முகவரிகளை வலமிருந்து இடமாக வரைகிறேன். கடிதங்கள் போய்ச் சேருகின்றன. யாராவது கேசட் கொண்டுவந்தால், பேச்சு நின்று 'டக்'கென்று சத்தம் வரும் இடத்தில் கேட்பதை நிறுத்திவிடுகிறேன்.

படத்தை அவர் மனைவி என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். நுஐரியாவில் நான் குறி போட்டேன். ஹுஃபூஃபில் அவர் போட்டதை அழிக்கவில்லை.