கல்லாப்பெட்டியைப் பார்த்த கண்

கண் கிளினிக் வேலையில் கண்ணைவிட வாய்க்கு வேலை அதிகம், வாயைவிட நெஞ்சுக்கு. ஒரு பெயரைக் கூப்பிட்டுவிட்டு, யாரும் எழும்பாத நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நான் சொல்வது விளங்கும்.

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், ஓர்தொப்டிஸ்ட் ஜூலிக்கு உதவியாளாகப் பல வருடம் நின்றேன். இரண்டு கண்ணும் ஒன்றாகச் சேர்ந்து பார்க்கின்றனவா என்று சோதிப்பது ஜூலியின் வேலை. பிள்ளைகள் அசையாமல் பார்க்க மஞ்சள் வாத்துப் பொம்மையை ஆட்டுவது, தமிழ்ச் சனம் வந்தால் விளக்கிச் சொல்வது, வீட்டுக்குப் போய் அவர்களை நினைத்துக் கவலைப்படுவது என் வேலை. கடைசி வேலைக்குச் சம்பளம் இல்லை. இப்போது கிளினிக் மேல்மாடிக்குப் போய்விட்டது. வெளிச்சமான இடம், பெயர்கள் திரையில் வருகின்றன. எனக்கு என்னவோ ஜன்னலே இல்லாத அந்தப் பழைய அறைதான் நினைவில் நிற்கிறது.

அதிர்ஷ்டம்

நோர்பரியில் கடை வைத்திருந்த ஒரு தம்பி, நாலு வயது மகள் அபியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையின் இடது கண் மூக்குப் பக்கம் சாய்ந்திருந்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் வாக்குக் கண். சாய்ந்த கண்ணை மூளை மெல்ல மெல்லக் கைவிடுகிறது என்றாள் ஜூலி. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் ஒட்டுப் போட்டு மூடினால், மற்றக் கண் பார்க்கப் பழகும். ஏழெட்டு வயதைத் தாண்டினால் கஷ்டம். நான் இதைத் தமிழில் சொல்லச் சொல்ல, தம்பியின் முகம் இறுகிக்கொண்டே போனது.

"வாக்குக் கண் அதிர்ஷ்டமெண்டு உங்களுக்குத் தெரியாதே, அக்கா? இவ பிறந்த கிழமைதான் எனக்கு விசா வந்தது. பிறகு கடை. நான் கடையிலை நிண்டா அந்தக் கண் கல்லாப்பெட்டியையும் பாக்கும், என்னையும் பாக்கும். அதை நேராக்கி என்னைத் தெருவிலை விடப் போறியளே?"

சிலபஸ்

எல்லாப் பெற்றோரும் இப்படி இல்லை. சிலர் எதிர்ப்பக்கம் ஓடுவார்கள். சென்னையிலிருந்து வந்து இங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு அம்மா, மகனுக்குத் தலை வாரிப் பவுடர் பூசி, பரீட்சைக்குக் கூட்டிவருவதுபோலக் கூட்டிவந்தார். பையன் நாற்காலியில் ஏறினான், கைகட்டினான், மேலிருந்து கீழ்வரை எல்லா எழுத்தையும் கடகடவென்று சொல்லி முடித்தான். ஜூலி அப்போதுதான் எழுத்துப் பலகையின் விளக்கைப் போடக் கை நீட்டியிருந்தாள்.

போன தடவை வந்தபோது அம்மா பலகையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். தினமும் பால் குடித்தபின் ஒப்பிக்க வைத்திருக்கிறார். ஜூலி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு எழுத்துகளைக் காட்டினாள். பையன் விழித்தான். அம்மா என் பக்கம் சாய்ந்து, மெதுவாகச் சொன்னார்: "என்ன மேடம் இது, சிலபஸ்லயே இல்லாததக் கேட்டா குழந்தை என்ன பண்ணுவான்?"

கண்ணடி

அதே நாள் அபிக்கும் கிளினிக்குக்கு வரவேண்டிய தவணை இருந்தது. வரவில்லை. அதற்கு முந்தின தவணைக்கும் வரவில்லை. நான் கதவையே பார்த்துக்கொண்டு நிற்க, ஜூலி சொன்னாள்: "மூன்று குடும்பத்துக்குப் போதுமான கவலை உன்னிடம் இருக்கிறது. கொஞ்சம் என் மகனுக்குக் கொடு, பரீட்சை வந்தும் படுத்துக் கிடக்கிறான்."

அபியின் நேரத்துக்கு, கோலியர்ஸ் வுட்டிலிருந்து ஒரு அண்ணையும் மனைவியும் உள்ளே போனார்கள். அண்ணைக்குச் சீனி வருத்தம், சர்க்கரை நோய். அதனால் ஒரு கண்ணைத் திருப்பும் நரம்பு களைத்துப்போய், எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்திருக்கிறது. மனுசன் யாரிடமும் சொல்லாமல், ஆட்களோடு கதைக்கும்போது ஒரு கண்ணை மூடிச் சமாளித்திருக்கிறார். கோயிலில் ஐயருக்கும் அப்படித்தான், பிரசாதம் கொடுத்த பெண்களுக்கும் அப்படித்தான். இதைப் பார்த்த மனைவி அவரோடு ஒரு மாதமாகப் பேச்சை நிறுத்தியிருந்தாராம். ஜூலி அவருடைய கண்ணாடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை ஒட்டினாள். இரண்டு ஒன்றானது. அண்ணை இரண்டு கண்ணையும் திறந்து ஆனந்தமாகச் சுற்றிப் பார்த்தார். மனைவிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "ஊருக்கெல்லாம் கண்ணடிச்சு முடிச்சாச்சு. கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து எனக்கு ஒருக்காலாவது அடிச்சிருப்பாரே, கேளுங்கோ!"

கறுப்பு ஜாக்கெட்

தொடர்ந்து வராத பிள்ளைகளின் பெயரைக் கிளினிக் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். ஜூலி அபிக்குக் கடைசியாக ஒரு தவணை கொடுத்தாள். நான் அவர்கள் வீட்டுக்குப் போன் எடுத்தேன். தாய்தான் பேசினார். நாவூறு கண்ணூறு படாமல் ஒட்டின்மேல் மைப்பொட்டும் வைத்து அவர் ஒட்டிவிடுவாராம், தகப்பன் வந்து கழற்றிவிடுவாராம். "உங்கடை அக்கா கேக்கிறன் எண்டு நினையுங்கோ, ஒருக்கால் வாங்கோ," என்றேன். தவணை நாளன்று பார்த்துத் தாய்க்கு ஷிப்ட். பிள்ளையைக் கொண்டுவந்தது தகப்பன். அபிக்கு அப்போது ஐந்து முடிந்திருந்தது. அவர் உள்ளே வரமாட்டேன் என்று, வெளியே ஆட்கள் காத்திருக்கும் நடையிலேயே இருந்துவிட்டார்.

ஜூலி சோதனைக்காக அபியின் நல்ல கண்ணில் ஒட்டைப் போட்டாள். நான் வாத்தை எடுக்கத் திரும்பினேன். பிள்ளை "அப்பாட்டைப் போறன்" என்று கதவைத் திறந்துகொண்டு நடைக்குப் போய்விட்டாள். பின்னால் ஓடினேன். நடையில் கறுப்பு ஜாக்கெட்டோடு இரண்டு ஆண்கள் இருந்தார்கள், ஒருவர் தகப்பன். அபி இருவரையும் பார்த்தாள், மற்ற மனிதரிடம் போனாள், அவருடைய முழங்காலில் கையை வைத்தாள். "அப்பா, எழும்புங்கோ, வீட்டை போவம்." அந்த மனிதர் குனிந்து, நான் உன் அப்பா இல்லை, கண்ணே என்று ஆங்கிலத்தில் சொன்னார். குரலைக் கேட்ட பிறகுதான் பிள்ளை திடுக்கிட்டுக் கையை எடுத்தாள்.

இரண்டு நாற்காலி தள்ளித் தகப்பன் இருந்தார். வந்து பிள்ளையைத் தூக்கினார். அவளுடைய திறந்திருந்த கண்ணுக்கு மிகக் கிட்டத் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றார். நான் வாத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இவ்வளவு நாளும் அந்தக் கண் என்னைப் பாத்துக்கொண்டிருக்கெண்டெல்லோ நினைச்சன், அக்கா."

திகதி

அதன்பிறகு அவர் ஒரு தவணையையும் விடவில்லை. ஒட்டின்மேல் பொட்டு வைப்பதும் அவர்தானாம், தாய் வைத்தால் கோணலாம். அபிக்கு எட்டு வயதானபோது கிளினிக்கில் அவளுக்குக் கடைசி நாள் வந்தது. அந்தக் கண் முழுதாகச் சரிவரவில்லை. பிந்தித் தொடங்கினால் அப்படித்தான் என்றாள் ஜூலி. ஆனாலும் கண்ணாடியோடு கண் நேராக நின்றது. நல்ல கண்ணை மூடிக்கொண்டு, கடைசிக்கு முந்தின வரிவரை நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். முடித்ததும் அவள் திரும்பியது ஜூலியின் பக்கம் அல்ல, என் பக்கமும் அல்ல. நேராகத் தகப்பனைப் பார்த்தாள்.

வாசலில் நான் வாய் சும்மா இராமல் கேட்டேன், "கடை எப்பிடித் தம்பி? அதிர்ஷ்டம் நிக்குதோ, போயிட்டுதோ?"

அவர் பெருமூச்சு விட்டார். "கடை நிக்குது. இவதான் நிக்க விடுறாளில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பிஸ்கட் பெட்டியிலை இருக்கிற சின்ன எழுத்தெல்லாம் வாசிச்சு, 'அப்பா, இது திகதி முடிஞ்சுது' எண்டு சனத்துக்கு முன்னாலை கத்துறா, அக்கா!"

இத்தனை வருடம் அடுத்தவர் கண்களுக்காகக் கவலைப்பட்டதில் எனக்கு மிஞ்சியது, தலை நரைத்த ஒரு மஞ்சள் வாத்தும், எந்த நடையில் நின்றாலும் இன்னும் வராத யாரையோ தேடும் இந்த இரண்டு கண்ணும்தான்.