கும்பப்பூ அறுப்பும் தேர்ச்சிப் பட்டியலும்

பூதப்பாண்டிக்கு அப்பால், மூன்று புறமும் வயல் சூழ்ந்த ஒரு சிறிய அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்த ஆண்டுகளைப் பற்றிப் பலரும் நல்லவிதமாகவே பேசியிருக்கிறார்கள். அதை மறுக்க எனக்குக் காரணமில்லை. எங்கள் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்திருந்த காலம் அது. நான் பொறுப்பேற்றபோது, பள்ளி இறுதி வகுப்பான ஆறாவது பாரத்திலிருந்து பொதுத்தேர்வு எழுதியவர்களில் பாதிப்பேர்கூடத் தேறியிருக்கவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி, ஆசிரியர்கள் முன்னிலையில், "கட்டடம் நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திருவனந்தபுரத்தில் கல்லூரிப் படிப்பை முதல் வகுப்பில் முடித்தவன் நான். அந்த ஒரு வாக்கியத்தை விழுங்க எனக்கு வெகுநாள் ஆயிற்று.

மறு ஆண்டே செலக்‌ஷன் பரீட்சையைக் கண்டிப்பாக்கினேன். பொதுத்தேர்வுக்கு முன்னால் பள்ளியே நடத்தும் தேர்வு அது. அதில் எல்லாப் பாடங்களிலும் தேறியவர்களின் பெயர் மட்டுமே பொதுத்தேர்வுக்குப் போகும்; மற்றவர்கள் அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு இருக்க வேண்டும். பாடங்கள் முழுவதும் முடிந்த பிறகு நடத்துவதே நியாயம் என்று கருதி, அதை மாசி முதல் வாரத்தில் வைத்தேன். அனுப்பப்பட்டவர்கள் அனைவரும் தேறினார்கள். அதிகாரி அடுத்த முறை கட்டடத்தைப் பற்றிப் பேசவில்லை.

சில ஆண்டுகள் இவ்வாறு சென்றன. ஒரு மாசியில், செலக்‌ஷன் முடிந்து பட்டியல் அனுப்ப வேண்டிய வாரத்தில், கல்வி இலாகா புதியதோர் அறிக்கையும் கேட்டது. மாணவர்களைச் சமுதாயம், தந்தையின் தொழில் என்று பிரித்து, ஆறாவது பாரத்தில் இருப்பவர் எத்தனை, பொதுத்தேர்வுக்கு அனுப்பப்படுபவர் எத்தனை என்று காட்ட வேண்டும். குமாஸ்தா சேர்க்கைப் பதிவேட்டை வாசிக்க, நான் கட்டங்களை நிரப்பினேன். அவர் உள்ளூர்க்காரர், என்னைவிட வயதில் மூத்தவர். நிலமுடையோர், வியாபாரிகள், உத்தியோகஸ்தர் வரிசைகளில் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. வயற்கூலி என்ற வரிசையில் முதல் கட்டத்தில் எண் இருந்தது, இரண்டாவதில் பூஜ்யம். முந்தைய ஆண்டுகளின் பட்டியல்களை எடுக்கச் சொன்னேன். அவற்றிலும் அதுவே.

"இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில அக்கறை இல்லை போல" என்றேன்.

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மார்க்கு புஸ்தகத்தையும் ஒண்ணு பாருங்க சார். தோக்கல்ல, வரல்ல. மாசி மொதல் வாரம் கும்பப்பூ அறுப்புல்லா. அப்பனும் அம்மையும் வயல்ல நிக்கும்போ பிள்ளை இங்க வந்து பேனா பிடிக்குமா?"

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லியே. பின்ன, உங்களுக்கும் வயலுள்ள வீடுதானே. தெரிஞ்சுதான் அந்தத் தேதிய வச்சிருக்கியளோண்ணு நெனச்சேன்."

கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் வண்டியேறி எங்கள் வீட்டுப் பத்தாயத்துக்கு வந்து சேரும் நாளை நான் அறிவேன். அது அறுபடும் நாளை அறிந்துகொள்ள எனக்கு ஒருபோதும் அவசியம் நேர்ந்ததில்லை.

அவ்வாண்டு வயற்கூலி வரிசையில் ஒரு பெண் இருந்தாள். அரைப்பரீட்சையில் கணக்கில் முதலாவதாக வந்தவள். செலக்‌ஷனில் கணக்கும் ஆங்கிலமும் எழுதவில்லை. அன்று பிற்பகல் வராந்தாவில் நடக்கையில் வகுப்புக்குள் தோழி ஒருத்தி அவளிடம் பேசுவது கேட்டது.

"ஏட்டி, கணக்குப் பரிச்சைய களத்துலயா எழுதின?"

"ஆமாட்டி. நீ தின்னுக சோத்துக்கு நாந்தான் மார்க்கு போடுகேன்."

"எனக்கு எவ்வளவு போட்ட?"

"உனக்கு எதுக்குட்டி கூடுதலு? நீ எப்பவும் தொட்டும் தொடாமலும் பாஸாகுகவதானே!"

எல்லோரும் சிரித்தார்கள். கேலி செய்தவளின் சிரிப்பே உரக்கக் கேட்டது. என்னைக் கண்டதும் அடங்கினார்கள். அந்தக் கணக்குப் பெண் மட்டும், ஏதோ கேட்க எழுந்தவள்போல் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

மறுநாள் பட்டியல் அனுப்பக் கடைசி நாள். காலையிலேயே அவளுடைய தாய் வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"சாரே, எம் பிள்ளைக்கு அந்த ரெண்டு பரிச்சையும் மட்டும் இன்னொருக்கா வைக்கணும். அவ பள்ளிக்கூடம் போணும்ணுதான் அழுதா. நாந்தான் இழுத்துட்டுப் போனேன். ஆளு கொறஞ்சா வயலுக்காரரு அறுப்ப வேற கூட்டத்துக்குக் குடுத்துருவாவ. வருஷம் முழுக்கத் திங்கணும்லா?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் அம்மா. அடுத்த வருஷம் எழுதட்டும்."

"பரிச்சைய நீங்க நெனச்சா மாத்தி வைக்கலாம். வெளஞ்ச நெல்லு எங்களுக்காக நிக்குமா சாரே?"

அன்று பிற்பகலே அந்த இரண்டு தாள்களையும் எழுத வைத்திருக்கலாம். எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை; விதி என்று நான் சொன்னது நானே வகுத்தது. ஆனால் ஒருத்திக்கு மறுதேர்வு வைத்தால், தேதி பிழை என்று என் கைப்படவே ஒப்புக்கொண்டதாகும். முந்தைய ஆண்டுகளின் பூஜ்யங்களுக்கும் யாரேனும் விளக்கம் கேட்பார்கள். அவள் பெயர் இல்லாத பட்டியலில் கையெழுத்திட்டேன். குமாஸ்தா மை ஒற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அனுப்பப்பட்டவர்கள் அனைவரும் தேறினார்கள். பாராட்டுக் கடிதம் வந்தது. பள்ளி திறந்த அன்று அதைக் காலைக் கூட்டத்தில் வாசித்தேன். பிறகு, அந்த ஆண்டு முதல் செலக்‌ஷன் மார்கழியில் நடைபெறும் என்று ஓர் உத்தரவு எழுதினேன். காரணம் "நிர்வாக வசதி" என்று குறித்திருந்தேன்.

குமாஸ்தா இருமுறை வாசித்தார். "நல்ல காரியம் சார். யாரு வசதிண்ணு மட்டும் எழுதல்ல."

இடவப்பாதி மழையோடு, வைகாசி நடுவில், பள்ளி திறந்திருந்தது. அந்தப் பெண் வரவில்லை. குறித்த நாட்களுக்கு மேல் வராதவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட வேண்டும். குமாஸ்தா கேட்டபோது, இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். மூன்றாவது வாரம் அவர் கேட்கவில்லை. சிவப்பு மைப் பேனாவை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

மார்கழித் தேர்வை வயற்கூலிகளின் பிள்ளைகளும் எழுதினார்கள். சிலர் தேறினார்கள். அவ்வாண்டு அறிக்கையில் அந்தப் பூஜ்யம் இல்லை. அதை என் முயற்சி என்று அதிகாரி பாராட்டினார். அதையும் நான் மறுக்கவில்லை. அவள், "தாமாகப் படிப்பை நிறுத்தியவர்" என்ற கட்டத்தில் எண்ணப்பட்டிருந்தாள். எழுத்தும் கையொப்பமும் என்னுடையவை.