ஜீவரத்தினமும் ரெண்டு சொட்டு எண்ணெயும்

என் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஜீவரத்தினத்துக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான்: ரெண்டு சொட்டு எண்ணெய். தாம்பரத்தில் ரயில் பெட்டிகளுக்கு எண்ணெய் விட்டே ரிட்டையர் ஆனவர். ஒன்பது வருடம் முன்பு குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுக்குக் குடிவந்த அன்றே, யாரும் சொல்லாமல் என் இரும்புக் கேட்டுக்கு எண்ணெய் விட்டார். என் கேட்டைத் தொட இவர் யார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

போன மாதம் அவருடைய வாஷிங் மெஷின் துணி பிழியும்போது லேசாகக் கடகடத்தது. மறுநாளிலிருந்து பூகம்பம். கீழே என் காபி டம்ளர் மேஜையில் தானாக நகர்ந்தது. மெஷின் நடக்கிறதென்று அவர் மனைவி பேபி அதன் தலையில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நகர்ந்தது, விழுந்து என் டைல்ஸை உடைத்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆட்டம் நிற்காவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று கத்திவிட்டேன். பேபி அழுதார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் சொன்னது சொன்னதுதான்.

ஞாயிறன்று பல்லாவரத்திலிருந்து மெக்கானிக் ஷாகுல் வந்தார். மெஷினைத் திறந்து டிரம்மை அமுக்கி விட்டார். அது மேலும் கீழுமாக ஆறேழு தரம் குதித்தது. கீழே கையை விட்டுப் பார்த்தார், விரலெல்லாம் எண்ணெய். பேபி கணவரை முறைத்தார்.

"இன்னாண்ணா இது? ஸ்பிரிங்கு ஆடத்தான் செய்யும். கீழ கீற ஷாக் அப்சார்பர்தான் அத்த இறுக்கிப் புடிச்சி நிறுத்தும். நீங்க எண்ணெய வுட்டு வழுக்க வெச்சிட்டா, அது எப்படிப் புடிக்கும்?"

புதிதாக ரெண்டு மாட்டினார். இப்போது அமுக்கி விட்டதும் டிரம் எழும்பி, அப்படியே நின்றது. மெஷினை ஓடவிட்டார். அது துணி பிழியும்போது நான் கீழே ஓடி டம்ளரைப் பார்த்தேன். காபி அசையவில்லை. மேலே போய், இங்கேயே இருங்கள் என்றேன். ஜீவரத்தினம் தலை நிமிரவே இல்லை. எண்ணெய்க் குப்பியை மனைவி கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அதன்பிறகு அவர் எதற்குமே எண்ணெய் விடவில்லை. மூன்றே வாரத்தில் என் கேட் கிறீச்சிட ஆரம்பித்தது. ஒன்பது வருடமாக அந்தச் சத்தத்தை நான் ஏன் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தை விட்டு மாடி ஏறினேன்.

"சார், கேட் ரொம்பக் கத்துது. ரெண்டு சொட்டு..."

அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஷாகுல் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா, கேசவன் சார்?"