துரைமுகில் அழுத அந்த சீன்

துரைமுகில் போயிட்டார்.

காலைல வாட்ஸ்அப்ல வந்தது. அவர் கதறி அழற அந்த வீடியோ, கீழ "கண்ணீர் அஞ்சலி"ன்னு. நான் நம்பலை... உயிரோட இருக்கும்போதே அவரை இதே வீடியோ போட்டு எத்தனையோ தடவை சாகடிச்சிருக்காங்க.

அப்படி வரும்போதெல்லாம் அவருக்கே போன் போடுவேன். "இருக்கறனுங்க, சாப்ட்டீங்களா?"ம்பார். இன்னைக்கும் போட்டேன். ரொம்ப நேரம் ரிங் போச்சு. எடுத்தது அவர் தங்கச்சி.

"அண்ணன் இல்லீங்க."

விடியக்காலைல நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போற வழியிலயே...

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். நாமக்கல் பக்கம் மோகனூர்க்காரர், நிஜப்பேர் துரைசாமி. ஹீரோவா நடிச்ச முதல் படம் நல்லா ஓடுச்சு, ஜவுளிக்கடை திறப்பு விழாவுக்கெல்லாம் கூப்பிட்டாங்க. ரெண்டாவது படத்துல நான் அசிஸ்டென்ட் டைரக்டர். அந்தப் படம்தான்... பேரை எழுத கை வரலை.

கதைப்படி ஏரில ஒரு முதலை ஹீரோவோட மனைவியை முழுங்கிரும். மிச்சம் கிடைக்கறது ஒரு கை மட்டும். பனமரத்துப்பட்டி ஏரில ஷூட்டிங். முதலையைப் பின்னால கிராபிக்ஸ்ல சேத்துக்கலாம்னாங்க. முகில்கிட்ட ஒரு ரப்பர் கையைக் குடுத்து அழச் சொன்னார் டைரக்டர்.

"சார், இதைப் புடிச்சுட்டுக் கத்துனா சிரிச்சுருவாங்க. கொஞ்சம் அமைதியா அழுகட்டுங்களா?"

"தியேட்டரே அழும்யா. நீ கத்து."

கத்தினார். தொண்டை புண்ணாகி, துப்பினா ரத்தம் வந்தது. யூனிட்ல எல்லாரும் கை தட்டுனாங்க. அவர் மட்டும் மேக்கப் கலைக்காம ஏரிக்கரைல உக்காந்து தண்ணியவே பாத்துட்டிருந்தார்.

"என்னமோ சரியில்லீங்க. இத்தோட முடிஞ்சுதுன்னு தோணுது."

அப்படியெல்லாம் பேசாதீங்கன்னேன்.

சேலத்துல முதல் ஷோ. அம்மாவையும் கூட்டிட்டு வந்திருந்தார். கடைசி வரிசைல உக்காந்தோம். அந்த சீன்ல கிராபிக்ஸ் முதலை கண்ணைச் சிமிட்டுச்சு. முன்னால ஒருத்தன் சிரிச்சான். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு வரிசையா ஏறி எங்களைப் பாத்து வந்துட்டே இருந்தது...

அம்மா கண்ணைத் துடைச்சுட்டே கேட்டாங்க. "ஏஞ்சாமி சிரிக்கறாங்க? அந்தப் புள்ளதான் செத்துப் போச்சே."

முகில் அம்மா கையைப் பிடிச்சுட்டு படம் முடியற வரைக்கும் உக்காந்திருந்தார்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். அந்த அழுகையை மட்டும் வெட்டி மீம் ஆக்கிட்டாங்க. எந்தக் கட்சி தோத்தாலும், எந்த டீம் தோத்தாலும் முகில் அழுவார், எல்லார் போன்லயும். பேசி வெச்ச ரெண்டு படமும் கைவிட்டுப் போச்சு. டைரக்டர் வேற ஹீரோவை வெச்சு அடுத்த படம் எடுத்தார். முகில் ஊருக்குத் திரும்பி கரும்பு போட்டார்.

போன வருஷம் சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு பேக்கரில நானும் அவரும் டீ குடிச்சுட்டிருந்தோம். காலேஜ் பசங்க சில பேர் அடையாளம் கண்டுபிடிச்சுட்டு வந்தாங்க.

"அண்ணா, ஒரே ஒரு தடவை அழுது காட்டுங்கண்ணா."

வேண்டாம்னு நான் சொல்றதுக்குள்ள டம்ளரைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சார். அதே மாதிரி அழுதார். பசங்க விழுந்து விழுந்து சிரிச்சு வீடியோ எடுத்தாங்க.

ஆனா அவர் நிறுத்தலை. கத்தல் போய், சத்தமே இல்லாத ஒரு அழுகை... தோள் மட்டும் குலுங்குது. போன் ஒவ்வொண்ணா கீழ இறங்குச்சு. "போதும்ணா"ன்னான் ஒருத்தன். "அண்ணா, சாரிண்ணா..."

அவருக்கு அது கேட்ட மாதிரியே தெரியலை. கையைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்தேன்.

பஸ் ஏறும்போது சொன்னார், "ஆரம்பிக்கறேனுங்க... இப்பெல்லாம் நிறுத்த முடியறதில்லீங்க." டாக்டரைப் பாக்கலாம்னேன். சிரிச்சுட்டே உள்ள போயிட்டார்.

அதுக்கப்புறம் நேர்ல பாக்கவே இல்லை.

இன்னைக்கு போனை வைக்கறதுக்கு முன்னால தங்கச்சி சொன்னது காதுலயே நிக்குது. "வாசல்ல யார்யாரோ போனைத் தூக்கிப் புடிச்சுட்டு நிக்கறாங்கண்ணா. அம்மா இன்னும் அழுவலீங்க. அழுதா எடுத்துப் போட்டுருவாங்கன்னு முந்தானைய வாயில அடைச்சுட்டு உக்காந்திருக்குது."

நாமக்கல் பஸ்ல உக்காந்துட்டேன்.

வாரேன் முகில். வந்து முதல்ல அந்த வாசக்கதவைச் சாத்தறேன்.